கப்பல் கொக்கி

கொக்கியைக் காணவில்லை.

வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. பிக்கப் ஒரு முறை முன்னே துள்ளி, எஞ்சின் அணைந்தது. அதன் பிறகு தூறல் சத்தம் மட்டும்.

ஸ்டியரிங்கிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

இறங்கியதும் ஆட்களைத்தான் பார்த்தேன். பின்னால், கொக்கி தாங்குமா என்று சோதிப்பதற்காகப் பள்ளத்துச் சேற்றில் இறக்கியிருந்த தன் காருக்குள் லூர்து இருந்தான். கண்ணாடி உடையவில்லை. கையை ஆட்டினான். என் பட்டறையில் வேலை செய்யும் கோ சோ, நான் நிற்கச் சொன்ன சுவரோரத்திலேயே, வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் நின்றான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கயிறு சேற்றில் கிடந்தது. அதன் மேல் நான் போட்டிருந்த ஈரச் சாக்குகள் அதைத் துள்ளவிடாமல் அமுக்கியிருந்தன. ஆனால் கொக்கியில் மாட்டியிருந்த நுனி வெறுமையாக இருந்தது. சாக்கு கயிற்றைத்தான் பிடிக்கும், பிய்ந்துபோன கொக்கியை அல்ல.

காரின் முன்பக்கம், வலது ஓரத்தில், கொக்கி இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை. தகரம் காகிதம்போலக் கிழிந்து வெளியே மடங்கியிருந்தது.

இடது ஓரத்தில் நான் போட்ட கொக்கி அப்படியே இருந்தது. அதைத்தான் முதலில் இழுத்துப் பார்த்தோம். இம்மியும் அசையவில்லை.

லாரிக்கு இருப்பதுபோல் இந்தக் கார்களுக்கு அடியில் தனிச் சட்டம் கிடையாது. மடித்த தகரம்தான் உடம்பு, அதுவேதான் எலும்பும். கண்ட இடத்தில் இழுத்தால் கிழியும். கெட்டியான இடம் பார்த்துத் துளை போட்டு, நசுங்காமலிருக்க உள்ளே குழாய் கொடுத்து, இரண்டு பக்கமும் கனத்த தகடு வைத்து, நான்கு போல்ட் முடுக்க வேண்டும். இடது பக்கத்தை அப்படி முடித்தபோது மணி பத்து. அந்த நிமிடம் கரண்டு போனது; வலது பக்கம் துளை போட வழியில்லை.

மறுபடி எப்போது வரும் என்று பர்மாவில் எங்கள் தன்லியின் ஊரில் யாராலும் சொல்ல முடியாது. லூர்துவோ மதியத்துக்குள் த்வாண்டே போயாக வேண்டும். அங்கே அவன் மச்சினிக்குக் கலியாணப் பேச்சு. வழியெல்லாம் சேறு; மாட்டிக்கொண்டால் நேராக இழுக்க இரண்டு பக்கமும் கொக்கி வேண்டும்.

வலது பக்கம் ஏற்கெனவே ஒரு கொக்கி இருந்தது. ஜப்பானிலிருந்து கார் வரும்போது, உருண்டுவிடாமல் கப்பலோடு சேர்த்துக் கட்டிவைக்கும் கொக்கி.

“முரளியண்ணே, கடலயே தாண்டி வந்த கொக்கிண்ணே இது. த்வாண்டே சேத்துக்குத் தாங்காதா?” என்றான் லூர்து.

கட்டிவைப்பது வேறு, இழுப்பது வேறு. எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

“சரி, இழுத்துப் பாப்போம்” என்றேன்.

இழுப்பதற்கு முன் எல்லாரையும் நானே விலக்கிவிடுவேன். அதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. கோ சோவைச் சுவரோரம் அனுப்பினேன். என் மனைவி பவானி டீ பிளாஸ்க்கோடு வாதுமை மரத்தடியில் நின்றாள். எந்த இழுப்பையும் அவள் அங்கே நின்றுதான் பார்ப்பாள். பக்கவாட்டில், கயிற்றுக்கு எட்டாத தூரம்தான். இருந்தாலும் ஒரு தகரச் சுவராவது மறைப்பாக இருக்கட்டுமே என்று, ஆபீஸ் அறைக்குள் போகச் சொல்லிக் கத்தினேன்.

“நீங்களும் ஒவ்வொரு தடவையும் கத்துறீங்க, நானும் ஒவ்வொரு தடவையும் இங்கதான் நிக்கிறேன். ஒண்ணாவது பறந்துச்சா?”

அவளோடு பேசி ஜெயிக்க முடியாது. நான் போய் வண்டியில் ஏறிவிட்டேன்.

இப்போது லூர்து காரை விட்டு இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று ஓட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.

“திரும்ப ஜப்பானுக்கே போயிருச்சு போலண்ணே.”

கோ சோ வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. வயிறு வலித்தது. சிரித்துக்கொண்டே மூவரும் தேடினோம். பள்ளத்துத் தண்ணீரில் காலால் துழாவினோம். பிக்கப்புக்கு அடியில் குனிந்து பார்த்தோம்.

அப்போதுதான் பிக்கப்பின் கூரை என் கண்ணில் பட்டது.

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு ஒரு கோடு. ஒரு சாண் நீளம். அடியில் இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

அதன் மேல் விரலை வைத்துப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தேன். கோடு கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து போயிற்று. விரல் நின்ற இடத்திலிருந்து அதே திசையில் பார்த்தேன்.

ஆபீஸ் அறை. அதன் தகரச் சுவரில், நாற்காலி முதுகின் உயரத்தில், ஓர் ஓட்டை.

காலையில் அது இல்லை.

லூர்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் வாதுமை மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். வேரின் மேல் பிளாஸ்க் மட்டும் நின்றது.

“பவானி” என்று கூப்பிட்டேன்.

எதற்கும் உடனே பதில் சொல்கிறவள்.

கலியாணமாகிப் பதினேழு வருஷத்தில், இன்றைக்குத்தான் அவள் என் பேச்சைக் கேட்டிருந்தாள்.