குழாய் பரமசிவம் சொன்ன தீர்ப்பு

"செடிக்குத் தண்ணி விடுறீங்களா, இல்ல தெருவைக் குளிப்பாட்டுறீங்களா?"

எதிர்க் குவார்ட்டர்ஸ் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார் பரமசிவம். அவரே உள்ளே போய், வாழைக்குப் பாய்ந்து தெருவரை ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டு வந்தார்.

"என்னிக்காவது உங்களைத் திருடன்னு பிடிச்சுக் கொடுக்கப் போறாங்க," என்றாள் அவர் மனைவி சுப்புலட்சுமி, வாசலில் பால் வாங்கிக்கொண்டே.

"கொடுக்கட்டும். ஸ்டேஷன்லயும் குழாய் ஒழுகத்தான் செய்யும்."

அந்த பிளாக்கில் அவருக்குக் குழாய் பரமசிவம் என்று பெயர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னதை, அவர் புது ஆட்களிடம் தானே சொல்லி அறிமுகம் செய்துகொள்வார். திருநெல்வேலிப் பக்கம், வானம் பார்த்த கரிசல் ஊரில் பிறந்தவர். நெய்வேலிக்கு வந்து இத்தனை வருஷமாகியும், டவுன்ஷிப்பில் தண்ணீர் இப்படிக் கேட்பாரற்று ஓடுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. சட்டைப் பையில் எப்போதும் வாஷர் இருக்கும். மேடை கிடைத்தால் தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றி மேடையில் பேசுவார். கிடைக்காவிட்டால் சலூனில் பேசுவார்.

பால்காரி கண்ணகி சிரிக்கவில்லை.

"சாரு, எங்க வூட்டுக்காரருக்கும் அவரு தம்பிக்கும் நீங்க வந்து ஒரு நியாயம் சொல்லணுங்க. தண்ணி விஷயம்னா உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க."

கம்மாபுரம் பக்கத்தில் அவளுடைய ஊர். கணவன் துரைராஜின் கிணறு இந்தக் கோடையில் அடியோடு வற்றிவிட்டது. அடுத்த நிலம் தம்பி ராமசாமியுடையது. அவன் போன வருஷம்தான் புதிதாக போர் போட்டு மோட்டார் வைத்தான்.

"அவன் மோட்டாருதான் எல்லாத்தையும் உறிஞ்சிக்கினு போவுதுன்னு இவரு நேத்து மம்பட்டிய தூக்கிக்கினு போயிட்டாருங்க. ஒரு வருசமா பேச்சுவார்த்தை இல்ல. பால்ல ஊத்தக்கூடத் தண்ணி இல்லீங்க."

"அதான் பால் கெட்டியா இருக்கா," என்றாள் சுப்புலட்சுமி.

"எனக்கு செகண்ட் ஷிப்ட்தான். இப்பவே வர்றேம்மா," என்று சட்டையை மாட்டினார் பரமசிவம்.

"உங்களை யாரு ஜட்ஜாப் போட்டது?"

"யாரும் போடலை. நானாத்தான் போய் உக்காருறேன்."

சைக்கிளில் போய்ச் சேர்ந்தார். பூவரச மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு அவரை உட்கார வைத்தார்கள். துரைராஜ் ஒரு பக்கம் நின்றார். ராமசாமி அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பில் நின்றான். பரமசிவம் எழுந்துபோய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். அடிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"கரண்டு வர்ற நேரந்தாங்க ஓட்டுறேன்," என்றான் ராமசாமி. "கரும்பு நிக்குது. இத்தினி சின்ன மோட்டாருல ஒரு கெணறு எப்பிடிங்க வத்தும்?"

பரமசிவம் தொண்டையைச் செருமினார். சலூனில் பல தடவை ஒத்திகை பார்த்த பேச்சு.

"தம்பி, வரப்பெல்லாம் பூமிக்கு மேலதான்யா. அடியில எல்லாம் ஒரே தண்ணி. ஒருத்தன் இறைச்சா அடுத்தவனுக்கு இறங்கத்தான் செய்யும். இறைக்கிறவன்தான் அதுக்குப் பொறுப்பு. எனக்கென்ன தெரியும்னு கையை விரிக்கக் கூடாது."

நன்றாகத்தான் வந்திருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டியவர், ஏனோ நிறுத்திவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பக்கத்து ஊரிலிருந்து சுமந்துவந்த குடத்தைச் சாய்த்து, கண்ணகி அரைச் செம்பு கொடுத்தாள். இரண்டு மிடறோடு செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

ராமசாமி வரப்பிலிருந்து இறங்கி வந்தான்.

"சரிங்க. படிச்சவரு சொல்றீங்க. மோட்டாரக் கழட்டிடறேன். கரும்பு காஞ்சா காயட்டும். ஆனா இனிமே இந்தாளு வூட்டு நல்லது கெட்டது எதுக்கும் நான் வரமாட்டேன்."

"வராத," என்றார் துரைராஜ்.

கண்ணகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராமசாமி ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் வைத்தான்.

பரமசிவம் அப்போதே கிளம்பியிருக்கலாம். தீர்ப்புச் சொன்ன பெருமையும் மிஞ்சியிருக்கும், ஷிப்ட்டுக்கும் நேரத்தோடு போயிருக்கலாம். ஆனால் ஊரில் உள்ள குழாயெல்லாம் மூடத் தெரிந்த மனிதருக்குத் தன் வாயை மூடத் தெரியவில்லை.

"கழட்டாதேய்யா," என்றார். "நான் சொன்னதை நானே கேட்டேன். கேட்ட பிறகு சும்மா போக முடியலை."

ராமசாமி நிமிர்ந்து பார்த்தான்.

"நான் என்ன வேலை பாக்குறேன்னு நீங்க கேக்கவே இல்லையே. சுரங்கத்துல நிலக்கரி வெட்டணும்னா, அடியில இருக்கிற தண்ணியை இறைச்சு வெளியேத்திக்கிட்டே இருக்கணும். இல்லைன்னா ஊத்து பொங்கி சுரங்கம் முழுகிடும். உன் மோட்டாரை விட எத்தனையோ மடங்கு பெரிய பம்பு வரிசையா நிக்குது. ராத்திரி பகல்னு இல்லாம ஓடும். அதை ஓட்டுறவன்ல நானும் ஒருத்தன். உங்க கிணறு அதனாலதான் வத்திச்சுன்னு எனக்குத் தெரியாது. அதனால இல்லைன்னு சொல்லவும் வாய் வரலை."

ஒரு வருஷத்தில் முதல் முறையாக அண்ணனும் தம்பியும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள்.

"ராமசாமி, அந்தாளு தப்பிச்சிடாம சைக்கிளப் புடிடா," என்றார் துரைராஜ்.

"புடிச்சிட்டேண்ணே," என்றான் தம்பி.