தனியார் மாப்பிள்ளை

"இஸ்ரோவுல வேலை பாக்குற பொண்ணைத் தனியார் ராக்கெட் கம்பெனிக்காரனுக்கா குடுப்பேன்? எழுந்திருங்க தம்பி!" நெரவி வீட்டுக் கூடத்தில் சிதம்பரநாதன் கத்தினார்.

பெண் கேட்டு வந்த கார்த்திகேசன் எழவில்லை. "இப்ப அரசாங்கமே தனியாருக்கு அனுமதி குடுத்திருக்குங்க."

"குடுக்கட்டும். நான் காரைக்கால் கலெக்டர் ஆபீஸ் கிளார்க்குக்குக் குடுத்தாலும் குடுப்பேன், உங்களுக்கு இல்லை. விட்ட ரெண்டு ராக்கெட்டும் கடல்ல விழுந்துச்சாமே? உங்க முதலாளிக்கு மூளை இருக்கா?"

"நிறைய இருக்குங்க."

"கவர்மென்ட் வேலையை உதறிட்டுக் கம்பெனி ஆரம்பிச்ச ஆளாமே! பெத்தவங்க எப்படி விட்டாங்க?"

"அவங்களுக்கு இன்னும் தெரியாதுங்க."

"பெத்தவங்களையே ஏமாத்துற ஆளா? கூப்பிடுங்க, நாலு வார்த்தை கேக்கறேன்!"

அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த மகள் தமிழ்மொழியின் பக்கம் திரும்பினான் கார்த்திகேசன்.

"மேடம், உங்கப்பா கூப்பிடுறாங்க."