மிலிசாவின் வலது கை

“ரெண்டு கையையும் தூக்குன்னு சொன்னேன், மனுஷா” என்றாள் ராதோய்கா.

“தூக்கிட்டுத்தானே நிக்கிறேன்” என்றார் அவள் புருஷன் மிலிசாவ்.

“இடது கைதான் மேல இருக்கு. வலது கை எங்க?”

சமையலறையில் அவளுக்கு எதிரே நின்றிருந்த மிலிசாவ் தலையைத் திருப்பித் தன் வலது கையைப் பார்த்தார். மேலேதான் இருந்தது. குறைந்தபட்சம் அவருக்கு அப்படித்தான் பட்டது.

இந்தப் பரீட்சை அந்த வீட்டுக்குப் புதிதில்லை. ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டரம்மா பக்கவாதம் பற்றிப் பேசிய நாளிலிருந்து, ராதோய்கா தினமும் புருஷனைச் சிரிக்கச் சொல்லி வாய் கோணுகிறதா என்று பார்ப்பாள், கையைத் தூக்கச் சொல்வாள், ஒரு வாக்கியம் பேசச் சொல்வாள். அங்கே கொடுத்த தாளில் இன்னும் சில அறிகுறிகள் பொடி எழுத்தில் இருந்தன. இந்த மனுஷனுக்கு முதல் மூன்றே போதும் என்று விட்டுவிட்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அக்கா புருஷனுக்கு வாய் கோணியபோது, எதிரெதிர் ஜன்னல் திறந்து கிடந்ததால் காற்றடித்துவிட்டது என்று சொல்லி, கழுத்தில் கம்பளியைச் சுற்றிச் சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. மிலிசாவோ ரத்தக்கொதிப்பு மாத்திரையை நினைத்தால் போடுகிற ஆள். சிகரெட்டை மட்டும் மறந்ததே கிடையாது.

அன்று காலையிலும் மாத்திரைச் சண்டைதான். வருஷத்துக்கான ஐவார் தொக்கு கிளறும் நாள் அது, சுட்ட சிவப்புக் குடைமிளகாய் பெரிய தட்டு நிறையத் தோலோடு காத்திருந்தது. ராதோய்கா அதன் முன்னால் உட்கார்ந்து வலது பாதியை மட்டும் உரித்துவிட்டு, “முடிஞ்சுது” என்று கை கழுவப் போய்விட்டாள்.

மாத்திரைக்குத் தண்டனை என்று புரிந்துகொண்ட மிலிசாவ், இடது பாதியை வாயைத் திறக்காமல் உரித்து முடித்தார். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனம் அவருக்கு அந்த அளவு புத்தி கொடுத்திருந்தது. எழுந்தவரை நிறுத்தித்தான் இந்தப் பரீட்சை.

சிரிக்கச் சொன்னாள், சிரித்தார். பாதி வாய்தான் சிரிக்கிறது என்றாள். ஒரு வாக்கியம் பேசச் சொன்னதற்கு அவளுடைய அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னார். அதில் மட்டும் ஒரு எழுத்துகூடக் குழறவில்லை.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றார்.

“வாதம் வந்தவங்களுக்கே தெரியாதாம். ஒண்ணும் இல்லன்னுதான் சாதிப்பாங்களாம். டாக்டரம்மா சொன்னாங்க.”

சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. எந்தச் சண்டையிலும் நடுங்காத குரல் அது. மிலிசாவ் தன் வலது கையை மறுபடியும் பார்த்தார். தன் கண்ணை நம்புவதா, பெண்டாட்டியை நம்புவதா? கண்ணில் இரண்டு தடவை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவள் சொல்லி ஒன்று தப்பாகப் போனதாக அவருக்கு நினைவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார். வாதம் வந்த கை என்று ஆகிவிட்டதால் அதை மடியில் கிடத்தி, மறு கையால் தடவிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஒப்ரென் வந்தார். வந்ததும் ஜன்னல்களைச் சாத்தினார். இது காற்றடித்ததுதான், வேறொன்றும் இல்லை, பிளம் சாராயத்தைக் கையில் பாதி தேய்த்துப் பாதியைக் குடித்தால் சரியாகிவிடும் என்றார். வைத்தியத்தின் இரண்டாம் பாகம் மிலிசாவுக்கும் பிடித்திருந்தது.

ராதோய்கா பாட்டிலைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு, 194-க்குப் போன் போட்டாள்.

“பத்து மணிக்கு நல்லாத்தான் இருந்தாரு. நாலரை மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டா பொழைக்க வெச்சிடலாம்னு சொன்னாங்களே. இப்பதான் ஒரு மணி நேரம் ஆவுது. சீக்கிரம் வாங்கய்யா, எனக்கு வேற யாரும் இல்ல.”

மிலிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் மாத்திரையை வேளை தவறாமல் போடுவது என்று முடிவு செய்தார்.

பத்தே நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. நடந்தே வருகிறேன் என்றவரை வண்டி ஆட்கள் அதட்டித் தூக்குப்படுக்கையில் கிடத்தி முற்றம் வரை தூக்கி வந்தார்கள். அங்கே வண்டியிலிருந்து இறங்கிய இளம் டாக்டரம்மா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். மிலிசாவ் உள்ள பலத்தையெல்லாம் திரட்டித் தூக்கினார்.

“பாத்தீங்களா டாக்டர், ஒண்ணுதான் மேல வருது” என்றாள் கால்மாட்டில் நின்ற ராதோய்கா.

டாக்டர் மேலே நீண்டிருந்த இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு ராதோய்காவின் இடது பக்கமாகப் போய் நின்று, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ராதோய்கா வலது பக்கம் திரும்பி, வேலியோரத்துப் பிளம் மரத்தடியில் டாக்டரைத் தேடினாள்.

டாக்டர் சட்டென்று அவள் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆட்களிடம் சொன்னார்:

“பெரியவரை இறக்குங்க. இவங்களுக்கு இடது பக்கம் ஒண்ணுமே தெரியல. படுக்க வேண்டியது இந்தம்மா.”