கடைசிப் பேச்சாளர்

பெயரைக் கூப்பிட்டதும் ராய்ஸ் எழுந்தான். கம்பெனி கொடுத்த பச்சைச் சட்டை வயிற்றில் இறுக்கிப் பிடித்தது.

கவுண்டி, அதாவது மாவட்ட, சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஒரு மணி நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம். இன்றைக்கு அவன்தான் கடைசி ஆள்.

அவனுக்கு முன்னால் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் பச்சைச் சட்டைதான். ஹால்வர்சன் இறைச்சி ஆலை சம்பளத்தோடு லீவு கொடுத்து, பஸ் வைத்துக் கூட்டிவந்து, காலையிலேயே வாசலில் வரிசை கட்டிப் பெயர் கொடுக்க வைத்துவிட்டது. ஆளுக்கொரு காகிதம் வேறு. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பாட்டு. ஆலைக்கு இன்னும் பத்து வருடம் வரி தள்ளுபடி வேண்டுமாம்.

ஆலை கட்டிய வரியில்தான் ஊர் ஆஸ்பத்திரி ஓடிக்கொண்டிருந்தது. போன தடவை தள்ளுபடி வந்தது, பிரசவ வார்டு போனது. அதைச் சொல்லத்தான் லோர்னா வந்திருந்தாள்.

லோர்னா ராய்ஸின் மனைவி. நாற்காலிகளுக்கு நடுவிலிருந்த நடைபாதைக்கு அந்தப் பக்கம் மகள் கெய்லியோடு உட்கார்ந்திருந்தாள். மகளைக் கைத்தாங்கலாக நடத்திக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பேசுவோர் பட்டியல் நிரம்பிவிட்டது.

போன வருடம் மார்ச்சில், பனி கொட்டிக்கொண்டிருந்த நேரம், அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரிலேயே கெய்லிக்குப் பிரசவமானது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரி விளக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அதன் மூச்சு நின்றுவிட்டது.

மற்ற வீடுகளில் இப்படி ஒன்று நடந்தால் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். இந்த வீட்டில், யார் போட்ட ஓட்டு குழந்தையைக் கொன்றது என்று சண்டை வந்தது. தேர்தல் சமயத்தில் வாசலில் ஒரே புல்வெளியில் ஆளுக்கொரு கட்சிப் பலகையை நட்டுவைத்த வீடு, வேறென்ன நடக்கும்?

"உன் ஆளுங்கதானே ஆலைக்காரனுக்கு வாலாட்டுனாங்க!" என்றாள் அவள்.

"உன் ஆளுங்க மட்டும் கை நீட்டாமலா இருந்தாங்க?" என்றான் அவன்.

லோர்னா மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அதோடு இருவரும் அவனிடம் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

கொடுமை என்னவென்றால், இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அதோ, சபை மேசையில் இரண்டு கட்சிக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ரோட்டுக்கும் நூலகத்துக்கும் அடித்துக்கொள்கிறவர்கள், ஆலை விஷயம் வந்தால் மட்டும் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் தேர்தல் செலவுக்குக் கொடுத்தது ஆலைதானே.

ராய்ஸ் மைக்கின் முன்னால் நின்றான். முதல் வரிசையில் இருந்த ஆலை மேனேஜர் அவனைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்.

சற்று முன்பு ஒரு விவசாயி இதே மைக்கில், "என் நேரத்த இந்த டீச்சருக்குக் குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த டீச்சர் எழுந்து பேசினார். அப்படி ஒரு வழக்கம் இங்கே உண்டு. தன் முறையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், சபைத் தலைவர் மறுக்கமாட்டார். அதைப் பார்த்ததிலிருந்து ராய்ஸின் கண் லோர்னா பக்கமே போய்க்கொண்டிருந்தது.

காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். போனால் போகட்டும் என்று மைக்கைப் பக்கத்தில் இழுத்தான்.

"என் நேரத்த..."

லோர்னா நிமிர்ந்தாள். அன்றைக்கு வீட்டை விட்டுப் போன பிறகு இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். அவன் என்ன செய்யப் போகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது.

பிறகு, மேனேஜர் கண்ணில் படாமல், வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

அவள் தோளில் கெய்லி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை மயக்கம். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்தப் பிரசவத்தில் அவள் இதயமும் கெட்டுப்போயிருந்தது. நகரத்து டாக்டர், ஸ்கேன், மாத்திரை எல்லாமே அப்பாவின் கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீட்டில்தான். அவன் வேலை போனால் அதுவும் போய்விடும்.

ராய்ஸ் அதை மறந்துவிடவில்லை. ஒரு மூன்று நிமிடம் மறந்து இருந்துவிடலாம் என்று பார்த்தான். லோர்னா விடவில்லை.

மேனேஜரின் சிரிப்பு மறையத் தொடங்கியிருந்தது.

"என் நேரத்த... சுத்தி வளைச்சுப் பேசி வீணாக்க விரும்பல" என்று முடித்தான்.

காகிதத்தை வெளியே எடுத்துப் பிரித்தான். 'எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றுவது ஹால்வர்சன்தான்' என்று முதல் வரியை வாசித்தான். பாழாய்ப்போன அந்த வரி உண்மையாக வேறு இருந்து தொலைத்தது.

வாசித்து முடித்ததும் முதலில் எழுந்து கைதட்டியது லோர்னாதான். மேனேஜர் திரும்பிப் பார்த்து, மறுபடி சிரிக்கட்டும் என்று தட்டினாள். பச்சைச் சட்டைகளும் எழுந்து தட்டின.

ராய்ஸ் தலையைக் குனிந்துகொண்டு நடைபாதை வழியாகத் திரும்பினான். சத்தத்தில் விழித்துக்கொண்ட கெய்லி, மலங்க மலங்கச் சுற்றிலும் பார்த்தாள்.

"பேசிட்டியாம்மா? பாப்பா பேரச் சொன்னியா?"

லோர்னா கைதட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்பாதான் சொன்னாரு" என்றாள்.

கெய்லி அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள்.

ராய்ஸ் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மறு கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டான்.