கால் முளைத்த கம்பம்

புயல் மலைச்சாலையை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு மின்கம்பம் மேலே போனால்தான் மலையூரில் விளக்கு எரியும். அதுவோ அடிவாரத்தில் படுத்துக் கிடந்தது.

"கிரேன் வரட்டும். நான் என்ன நடந்தா போவேன்?" என்றது கம்பம்.

"நான் என்ன நடந்தா போவேன்?" என்று அதே கட்டைக் குரலில் பழித்துக் காட்டியது அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு மைனா. அப்புறம் கிரேன் மாதிரியே உறுமியது. கம்பம் நம்பி ஏமாந்ததும் விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் மலையூர்க்காரர்கள் இறங்கி வந்தார்கள். கூரையைப் பறிகொடுத்தவர்கள், ஆடுமாட்டைப் பறிகொடுத்தவர்கள், எல்லாரும் கம்பத்துக்குத் தோள் கொடுத்தார்கள். "ஐலசா" என்று ஒரே குரல் எழுந்தது.

"அடேய் மைனா, கீழே பாருடா. எனக்கு எத்தனை காலு" என்றது கம்பம்.

மைனா சிரிக்கவில்லை. வழியெல்லாம் அந்த ஐலசாவைச் சொல்லிப் பார்த்தது. மலையூரில் விளக்கு எரிந்த பிறகும் சொல்லிப் பார்த்தது. ஒற்றைத் தொண்டையில் அது வரவே இல்லை.