இருபத்துநான்கு மணி நேரம்

கடற்கரையில் மதில் கட்டுவதை எதிர்த்துப் பேசிய சந்தியாகுவைத் திங்கட்கிழமை காலை போலீஸ்காரர்கள் கூட்டிப்போனார்கள். அவர் மனைவி ஜெபமாலை மூன்று நாளும் சோற்றுத் தூக்கோடு ஸ்டேஷன் வாசலில் நின்றாள். "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்றே சொன்னார்கள்.

வியாழக்கிழமை அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். கைதானவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். அன்று காலை பத்து மணிக்குத்தான் பேருந்து நிலையத்தில் பிடித்ததாகப் போலீஸின் காகிதம் சொன்னது.

"போலீஸ் அடிச்சாங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லய்யா."

"எப்பப் பிடிச்சாங்க?"

"இன்னைக்குக் காலையிலதான்."

பின்வரிசையில் ஜெபமாலை எழுந்தாள். "ஐயா, திங்கக்கிழமையே கூட்டிட்டுப் போயிட்டாவ."

"அவரே சொல்லலையேம்மா" என்று நீதிபதி கையெழுத்திட்டார். பதினைந்து நாள் காவல்.

வெளியே வேன் அருகில் ஜெபமாலை கேட்டாள். "எதுக்கு அப்படிச் சொன்னீய?"

"கேட்டவரு உள்ளயே இருந்துக்கிடுவாரு. நான் இவங்ககூடத்தான போவணும்."

வேனில் ஏறக் காலைத் தூக்கினார். முடியவில்லை. பின்னால் நின்ற ஏட்டு, "பாத்து, அண்ணாச்சி" என்று இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டார்.