ஈ.பி.எஃப். இல்லாத வேலை

"லாபிர் இன்டர்நெட் கடையில காசு குடுத்து உக்காந்து, எழுதினத எல்லாம் ஊருக்குச் சும்மா ஏத்தி விட்டுட்டு வர்றான் ஒம் மகன். கேட்டா இதுதான் தொழிலுங்கிறான்" என்று மனைவி கோகிலாவிடம் பொரிந்தார் பழனியாண்டி.

பலாங்கொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் அவர் செக்ரோல் கிளாக்கர். யாருக்கு முழுநாள் சம்பளமான முழுப்பேர், யாருக்கு அரைநாள் சம்பளமான அரைப்பேர் என்று பதிந்து, சம்பளக் கணக்குப் போடுகிறவர். மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அந்த இடத்தில் மகன் ஏறினால் குவார்ட்டர்ஸ் தங்கும். இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

மகன் கிருஷாந்தோ வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். காசு ஒரு மாதம் வரும், மூன்று மாதம் வராது. ஈ.பி.எஃப். கிடையாது, போனஸ் கிடையாது, மேலே ஒரு தொரையும் கிடையாது. இதைப் போய் வேலை என்று சொல்லப் பழனியாண்டிக்கு நாக்கு எழவில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பார். மிச்ச நேரத்தில் எழுதியதை எல்லாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்டர்நெட்டில் போட்டானே, அதுதான் அவருக்கு அடங்கவில்லை.

"மத்தவங்க அப்படித் தொறந்து வெச்சதப் பாத்துத்தாம்பா நானே கத்துக்கிட்டேன். நான் எழுதினதையும் எடுக்கட்டும், மாத்தட்டும். நாலு பேருக்குப் பிரயோசனப்படும்" என்றான் கிருஷாந்த்.

"சும்மா வாங்குறதுக்கு இது என்ன கோயில் பொங்கலா? எந்த மடையன்டா இதத் தொடுவான்?"

அந்த மகனே போன வருஷம் ஒருநாள், அரைப்பேர் எப்போது விழும் என்று கேட்டபோது பழனியாண்டியால் நம்ப முடியவில்லை. அடுத்த நாள், பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் வேலை செய்தால் ஒன்றரைப்பேர் எப்படி என்று கேட்டான். பிறகு கூடுதல் கொழுந்து, முற்பணம், சங்கச் சந்தா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டான். பையன் வழிக்கு வந்துவிட்டான் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம்தோறும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தார்.

அத்தனையும் கேட்டுக்கொண்டு, கிளாக்கர் வேலை மட்டும் வேண்டாம் என்றான். கோகிலா அழுது, சாப்பிடாமல் படுத்த பிறகுதான் இறங்கி வந்தான்.

திங்கட்கிழமை இருவரும் தோட்டத்து மேனேஜர் தொரை முன்னால் நின்றார்கள். தன் கணக்கெல்லாம் மகனுக்கு அத்துப்படி, நாளைக்கே உட்கார வைக்கலாம் என்று சிங்களத்தில் பெருமையாகச் சொன்னார் பழனியாண்டி.

தொரை நெற்றியைத் தடவினார். அந்த இடத்துக்கு இனி ஆள் எடுக்கப்போவதில்லை என்றார். கொழும்பு ஹெட் ஆபீஸ் இன்டர்நெட்டிலிருந்து ஒரு புரோகிராம் எடுத்து அனுப்பியிருக்கிறதாம். ஒரு சதம் செலவில்லையாம். அரைப்பேரிலிருந்து சங்கச் சந்தா வரை அதுவே போட்டுவிடுகிறதாம். குவார்ட்டர்ஸை மாத முடிவில் ஒப்படைத்தால் போதும் என்றார்.

அப்போதும் பழனியாண்டிக்கு ஏளனம் போகவில்லை. மகன் பக்கம் சாய்ந்து தமிழில் முணுமுணுத்தார்.

"சும்மா கெடைச்சதாம். தோட்டத்துக் கணக்கு எவனோ ஒருத்தனுக்கு எப்படிடா தெரியும்? எந்த மடையன் எழுதிக் குடுத்தானோ, எந்த மடையன் அவனுக்குச் சொல்லிக் குடுத்தானோ."

பார்த்தால் நம்புவார் என்று நினைத்தோ என்னவோ, தொரை கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார்.

முதல் பக்கத்திலேயே இருந்தது: 'எழுதியவர்: ப. கிருஷாந்த். கணக்கு முழுவதையும் சொல்லித் தந்தவர்: என் அப்பா.'